மேடையில் மட்டும் ஒன்றாக இருந்தால் போதுமா?

கிறிஸ்மஸ் நாட்களில் நடக்கும் ஐக்கியக் கூடுகையில் வெவ்வேறு சபைகளின் போதகர்கள் ஒரே மேடையில் அமர்ந்து, ஒருவர் வேதபாடம் வாசிக்க, ஒருவர் ஜெபிக்க, ஒருவர் செய்தி கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருக்கிறது. அதை வெறும் சடங்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் போதகர்கள் அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை, தொலைபேசியில்கூட விசாரிப்பதில்லை என்றால், மேடையில் கண்ட ஒற்றுமையை விசுவாசிகள் நம்பமாட்டார்கள். ஒரு பகுதியில் உள்ள சபைகளின் ஐக்கியம் அங்குள்ள போதகர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையை விட அதிகமாக வளர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கை மெய்யானதா என்பது ஒரு குடும்பம் ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போகும்போது தெரிந்துவிடும்.

ஒரு சபையில் கமிட்டித் தேர்தல் முடிகிறது. தோற்றவரின் குடும்பம் மனக்கசப்போடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு சபையின் ஆராதனையில் போய் உட்காருகிறது. அந்தச் சபையின் போதகர் இரண்டே வாரத்தில் அவர்களை முன்னால் அழைத்து, கர்த்தர் நமக்குப் புதிய ஆத்துமாக்களைத் தந்திருக்கிறார் என்று அறிவிக்கிறார், சபையார் கைதட்டுகிறார்கள். பழைய போதகருக்கோ இது மூன்றாம் மனிதர் வாயிலாகத்தான் தெரியவருகிறது. அதற்குப் பிறகு அந்த இரண்டு ஊழியர்களும் எத்தனை உபவாச ஜெபத்தில் அருகருகே முழங்கால்படியிட்டாலும் அவர்களுக்கிடையே ஒரு கசப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். ஆடு திருடுகிறார் என்ற பேச்சு ஊழியர் வட்டாரத்தில் எவ்வளவு சகஜமாகப் புழங்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். வந்த குடும்பத்தை அன்போடு வரவேற்று, அவர்கள் அறியவே பழைய போதகரிடம் ஒரு வார்த்தை பேசி, முடிந்தால் மூவருமாக உட்கார்ந்து மனஸ்தாபத்தைக் கேட்டறிந்து, அதன்பிறகும் அவர்கள் மாறவே விரும்பினால் பழைய சபையின் ஜெபத்தோடு அவர்களை ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். போதகராலோ சபைத் தலைவர்களாலோ துன்புறுத்தப்பட்டு, அவமானப்படுத்தப்பட்டு வெளியேறியவரை, ஊழியர்களின் நட்பைக் காப்பாற்றுவதற்காகத் திருப்பி அனுப்பவே கூடாது. அவர் சம்மதமில்லாமல் பழைய சபைக்குத் தகவல் சொல்லவும் கூடாது. போதகர்களின் ஐக்கியம் ஒருவர் குற்றத்தை மற்றவர் மூடி மறைக்கும் கூட்டணியாக மாறுமானால், அதைவிடப் பிரிந்திருப்பதே மேல் என்பது என் திடமான கருத்து.

உபதேச வேறுபாடுகள் இருக்கும்போது ஐக்கியம் எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். குழந்தை ஞானஸ்நானம், திருவிருந்தின் பொருள், பெண்களுக்கு ஆயர் அபிஷேகம், ஆவியின் வரமாகக் கருதப்படும் அந்நிய பாஷை ஆகியவற்றில் உள்ள கருத்து வேறுபாடுகள் சிறியவை அல்ல. அவற்றைச் சிறியவை என்று சொல்லி ஒருவருடைய மனச்சாட்சியை நெருக்கக் கூடாது. 1952ஆம் ஆண்டு ஸ்வீடனின் லுண்ட் நகரில் கூடிய திருச்சபைகளின் மாநாடு இந்தச் சிக்கலைத்தான் நிதானமாக எதிர்கொண்டது: ஆழ்ந்த விசுவாச வேறுபாடுகள் காரணமாகத் தனித்தனியே செய்தே தீரவேண்டிய காரியங்களைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் சபைகள் சேர்ந்தே செய்ய வேண்டாமா என்று அது திருச்சபைகளைக் கேட்டது. நாமோ நடைமுறையில் இதைத் தலைகீழாக்கி, சேர்ந்தே ஆகவேண்டிய கட்டாயம் வந்தால் மட்டும் சேர்கிறோம். நோயாளிகளைச் சந்திப்பது, சிறைவாசிகளின் குடும்பங்களைக் கவனிப்பது, குடிக்கு அடிமையானவர்களை மீட்பது ஆகியவற்றில் எந்த உபதேசம் குறுக்கே நிற்கிறது?

பொறுமையாகப் பேசினால் கடினமான உபதேசக் காரியங்களில்கூட வழி பிறக்கும் என்பதற்குத் தென்னிந்தியத் திருச்சபையின் வரலாறே சாட்சி. 1919ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் சபையையும், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் முன்பே இணைந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையையும் சேர்ந்த ஊழியர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், கூடி ஒன்றிணைவுக்கு அழைப்பு விடுத்தார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அந்த அழைப்பு நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒரே திருச்சபையாயினர். 1945ஆம் ஆண்டின் முதல் நாளே மறைந்துவிட்ட அசரியா அதைப் பார்க்கவில்லை. பேராயர் கையால் அபிஷேகம் பெறாத ஊழியர்களை என்ன செய்வது என்பதே பேச்சுவார்த்தையில் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. அவர்களுக்கு மறு அபிஷேகம் தேவையில்லை, அவர்கள் ஊழியம் அப்படியே ஏற்கப்படும், இனிமேல் நடக்கும் அபிஷேகங்களைப் பேராயர்கள் செய்வார்கள், எந்தச் சபையின் மனச்சாட்சிக்கும் விரோதமாக ஓர் ஊழியர் அதன்மேல் திணிக்கப்படமாட்டார் என்று முடிவு செய்து, ஊழியங்கள் முழுமையாக ஒன்றிக் கலப்பதற்கு 30 ஆண்டு கால அவகாசமும் கொடுத்தார்கள். யாரையும் நேற்றுவரை செய்த ஊழியம் செல்லாது என்று சொல்லவைக்காத அந்தப் பக்குவம் இன்றைக்கும் நமக்குத் தேவை.

ஏனென்றால் இன்றைக்கும் ஒரு கல்யாணத்திலேயே செல்லாது என்ற அந்த வார்த்தை வந்துவிடுகிறது. பெண் ஒரு சபை, மாப்பிள்ளை இன்னொரு சபை. மாப்பிள்ளை வீட்டுப் போதகர், பெண் சிறுவயதில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி முழுக்கு எடுத்தால்தான் விவாகத்தை நடத்துவேன் என்கிறார். பெண்ணின் தாயார் தன் மகளைத் தூக்கிக்கொண்டு நின்ற நாளே பொய்யாகிவிட்டதுபோல் அழுகிறார். ஞானஸ்நானம் திரும்பச் செய்யத்தக்கதல்ல என்று உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாசம், ஒழுங்கு ஆணையம் 1982இல் பெரு நாட்டின் லீமாவில் நிறைவுசெய்த ஆவணம் சொல்கிறது. விசுவாச அறிக்கைக்குப் பிறகு எடுப்பதே ஞானஸ்நானம் என்று நம்பும் சபைகள் அதை ஏற்பது எளிதல்ல. அவர்கள் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. பத்திரிகை அச்சடித்த பிறகு ஒரு குடும்பத்தின் கழுத்தில் அந்தப் பாரத்தை ஏற்றாமல், இரண்டு போதகர்களும் முன்கூட்டியே சந்தித்து, யார் ஆராதனையை நடத்துவது, யார் ஆசீர்வதிப்பது, எதை எந்தச் சபையில் செய்ய இயலாது என்று பேசி வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் என் வேண்டுகோள். முன்பே பழகிய இருவருக்குள் அது அரைமணி நேரப் பேச்சு.

அந்தப் பழக்கத்துக்கு மாதம் ஒருமுறை கூடுவதே போதும் என்று நினைக்கிறேன். பேனரும் பொன்னாடையும் புகைப்படமும் வேண்டாம். பெரிய ஆலயத்தின் ஆயரும், வாடகை மண்டபத்தில் சிலரை வைத்து ஊழியம் செய்பவரும், பெண் போதகரும் ஒரே வரிசை நாற்காலியில் உட்காரட்டும். கூட்டத்தை நடத்தும் பொறுப்பு முறைவைத்து மாறட்டும். ஒவ்வொருவரும் தம் சபையின் ஒரு பாரத்தைச் சொல்லவும், பக்கத்தில் இருப்பவர் அதற்காக ஜெபிக்கவும், அதே வாரம் ஞாயிறு ஆராதனையில் அந்த அயல் சபையின் பெயரைச் சொல்லி விண்ணப்பம் ஏறெடுக்கவும் வேண்டும். பவுலைச் சேர்ந்தவன், அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்ற கொரிந்து சபையாரிடம், கிறிஸ்து பிரிந்திருக்கிறாரா என்று பவுல் கேட்டார். பக்கத்துச் சபையின் வளர்ச்சிக்காக நம் பீடத்திலிருந்து ஜெபம் ஏறும்போது, அந்தக் கேள்விக்கு விசுவாசிகளின் காதில் விழும்படி நாம் பதில் சொல்கிறோம்.

இப்படிக் கூடுகிற இடங்களிலும் ஒரு போதகருக்கு இடமாற்றம் வந்தவுடன் அந்தச் சபையின் நாற்காலி காலியாகிவிடுவதைப் பார்க்கிறேன். ஆகையால் கூடுகைக்குப் போதகரோடு ஒரு மூப்பரோ சபைச் செயலரோ போய்வருவது அவசியம். போகிறவர் தமக்குப் பின் வருகிறவரை முதல் மாதத்திலேயே மற்ற ஊழியர்களிடம் அழைத்துச்சென்று அறிமுகப்படுத்த வேண்டும். அதற்குள் அவர் போய்விட்டிருந்தால், மற்ற போதகர்களே புதியவரின் வீட்டுக்குத் தேடிப்போய் அடுத்த கூடுகைக்கு அழைத்து வரவேண்டும்.