"பஸ்ஸுக்கு எவ்வளவும்மா செலவு?"

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கம். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. மூன்று மாதம் மூன்று முறை வருவார்களாம். முதல் தடவை அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை என்று சாப்பாட்டுக் கணக்கு முடிந்துவிட்டது. இது இரண்டாவது தடவை.

"பஸ்ஸுக்கு எவ்வளவும்மா செலவு?"

"எனக்கு ஏது செலவு? ஒயிட் போர்டு பஸ்ல ஏறுனா டிக்கெட்டே இல்லையே."

பூஜ்யம் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிச் செலவு? போன ஒரு வருஷத்துல யாராச்சும் படுத்திருந்தீங்களா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அவசரத்தில் தனியார் ஆஸ்பத்திரி. 85 ஆயிரம். அண்ணியின் நகையை அடகு வைத்துத்தான் கட்டினோம். அந்தப் பெண் 85,000 என்று எழுதிக்கொண்டார்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். இலவச பஸ் எங்கள் வீட்டுக்குப் பெரிய உபகாரம். ஆனால் இந்தக் கணக்கில் அது எங்கள் செலவைக் குறைத்துக் காட்டும். செலவுதான் இங்கே வசதிக்கு அளவுகோல் என்பதால், அந்த அளவுக்கு நாங்கள் 'ஏழை' ஆகிறோம். நகையை அடகு வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி பில் எங்களை 'வசதி' ஆக்குகிறது. அதே ஆபரேஷனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்திருந்தால் மறுபடி இறங்கியிருப்போம். ரேஷனில் சும்மா கிடைக்கிற அரிசிக்கும் பள்ளியில் கொடுக்கிற சைக்கிளுக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்து, தனியாக இன்னொரு கணக்கும் வெளியிடுகிறார்கள். இலவசப் படிப்புக்கும் இலவச வைத்தியத்துக்கும் அப்படி மதிப்புப் போடுவதில்லை. தமிழ்நாடு அதிகம் காசு கொட்டியிருக்கிற இடங்களே அவைதான்.

அந்தக் கணக்கெடுப்பின் முடிவு பின்னால் வந்தது. 2022-23இல் கிராமத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு இந்திய அளவில் 3,773 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310. நகரத்தில் 6,459, தமிழ்நாட்டில் 7,630. உடனே என் டைம்லைன் முழுக்கக் கொண்டாட்டம். நானும் ஒரு ஹார்ட் போட்டேன், பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. தனிநபர் வருமானத்தில் நாம் நாட்டுச் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். நகரத்துச் செலவில் வித்தியாசம் 18 சதவீதம்தான். மீதி எங்கே போனது? கொஞ்சம் சேமிப்பாக இருக்கலாம். ஆனால் 'தனிநபர் வருமானம்' என்று நாம் சொல்வது தனிநபர் கையில் வாங்கிய வருமானமே இல்லை. மாநில எல்லைக்குள் உற்பத்தியானதன் மதிப்பைத் தலைக்கு வகுத்த கணக்கு அது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் வெளியே வந்தால் அதன் மதிப்பு நம் கணக்கில் ஏறும். லாபம் கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ போனாலும் கழிக்க மாட்டார்கள். துபாயிலிருந்து சிவகங்கைக்கு வருகிற பணம் இதில் சேராது. திருப்பூரில் தைக்கிற பீகார் பையன் ஊருக்கு அனுப்புகிற பணமும் கழியாது. தொழிற்சாலைகள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அருமையான எண். அங்கே வேலை பார்க்கிறவர் எப்படி இருக்கிறார் என்பதற்கு வேறு எண் தேட வேண்டும்.

சரி, அடுத்தது 'இந்திய சராசரி'. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 121 கோடியில் உத்தரப்பிரதேசமும் பீகாரும் மட்டுமே 30 கோடி. நாலில் ஒரு பங்கு. நாட்டுச் சராசரியைவிட மேல் என்று நாம் காலரைத் தூக்கும்போது பெரும்பாலும் அந்த இரண்டு மாநிலங்களைத்தான் ஜெயித்திருக்கிறோம். பக்கத்து வீட்டைப் பார்ப்போமே. 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. நல்ல விஷயம். கேரளத்தில் 6. நிதி ஆயோக்கின் 2019-21 பல பரிமாண வறுமைக் கணக்கிலும் இதே கதை: இந்தியா 14.96 சதவீதம், நாம் 2.20, கேரளம் 0.55. அந்தப் பட்டியலில் கரண்ட், கழிப்பறை, வங்கிக் கணக்கு, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்ற மாதிரி 12 கேள்விகள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் பாஸாகிவிட்ட பரீட்சை. எங்களை அளக்க அதைவிடக் கஷ்டமான கேள்வித்தாள் வேண்டும் என்றுதான் நாம் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணை அப்படியே நம்புகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. அதே 2020இல் ஆயிரம் பேருக்கு இறப்பு பீகாரில் 5.4, தமிழ்நாட்டில் 6.1, கேரளத்தில் 7.0. ஆக, ஆரோக்கியமாக வாழ பாட்னாவுக்குக் குடிபோகலாமா? கேரளத்தில் முதியவர்கள் அதிகம், பீகாரில் குழந்தைகள் அதிகம், அவ்வளவுதான். வயதைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் நன்றாக இருக்கிற மாநிலம் மோசமாகத் தெரியும்.

என்னை உண்மையிலேயே கலங்கடித்தது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21. ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம், இந்தியாவில் 88.6. கைதட்டலாம். அடுத்த வரிக்குப் போனால், தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் சிசேரியன் நம்மிடம் 63.8 சதவீதம், இந்தியாவில் 47.4. 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57.0, தமிழ்நாட்டில் 53.4. எத்தனை கார், எத்தனை செல்போன், எத்தனை இன்ஜினியரிங் கல்லூரி! 1982இலிருந்து சத்துணவு வேறு. இவ்வளவுக்கும் பிறகு பெண்களின் ரத்தத்தில் நாம் கிட்டத்தட்ட இந்தியாதான். கணவன் கையால் அடியோ வதையோ பட்டதாகச் சொன்னவர்கள் இந்தியாவில் 29.3 சதவீதம், இங்கே 38.1. நம் பெண்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள், மற்ற ஊர்களில் மறைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் வாதம் செய்தார். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நமக்குச் சாதகமான எண் வரும்போது மட்டும் கேட்கும் முறையைப் பற்றி யாரும் சந்தேகம் கிளப்புவதில்லை.

மாநிலத்துக்கு நிதி ஒதுக்கும்போது டெல்லியோடு சண்டை போட தனிநபர் வருமானம் தேவைதான், அதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஆனால் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அதைப் பதிலாக நீட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. இரத்தசோகை எண்ணையும் மாவட்ட வாரியாக எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசட்டும். சென்னையையும் எங்கள் கல்வராயன் மலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கிற ஊரில் நான் யாரையும் பார்த்ததில்லை.

அந்தப் பெண் மூன்றாவது தடவை வந்தபோது நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அம்மா போனில் சொன்னதுதான். இந்தத் தடவை வீட்டுச் சாமான் கணக்கு. டிவி எப்போது வாங்கியது என்றாராம். "வாங்கலம்மா, அது கலைஞர் குடுத்தது. மிக்ஸி அந்தம்மா குடுத்தது." அப்புறம் இந்த வருஷம் நகை ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டிருக்கிறார்.

"வாங்கலம்மா. அடகுல இருந்ததத் திருப்பிட்டோம்."

கொஞ்ச நேரம் டேப்லெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னாராம், "அதுக்கு இதுல எடம் இல்லம்மா."