'ஹோமோ' என்றால் ஆண் அல்ல. பாலீர்ப்பை வைத்தியத்தால் மாற்றவும் முடியாது

"பாலீர்ப்பு தானா மாறுமுங்க, அதனால வைத்தியத்துல மாத்திப்போடலாம். ஹோமோன்னா லத்தீன்ல ஆண்" என்று ஈரோடு, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் அரை உண்மை இருப்பதுதான் சிக்கல். சிலருக்குப் பாலீர்ப்பு, அதாவது எந்தப் பாலினத்தார் மீது ஈர்ப்பு வருகிறது என்பது, காலப்போக்கில் தானாக நகர்வதுண்டு. பலருக்கு நகர்வதே இல்லை. தானாக நகர்வது வேறு, பிறர் பிடித்துத் தள்ளுவது வேறு. அப்படிப்பட்ட 'சிகிச்சை' பலிப்பதில்லை. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்தான் கூட்டுகிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. மருத்துவர் எவரேனும் செய்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் தரலாம்.

சொல்லுக்கு வருவோம். 1869-இல் ஹங்கேரிய எழுத்தாளர் கெர்ட்பெனி அச்சேற்றிய 'ஹோமோசெக்சுவல்' (தன் பாலினத்தாரையே விரும்புபவர்) என்ற சொல்லில் இருப்பது கிரேக்க 'ஹோமோஸ்', அதாவது 'ஒரே'. லத்தீன் 'ஹோமோ' என்பது மனிதர். ஆணுக்கு அங்கே 'விர்' உண்டு. ஆக, பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் அச்சொல் பொருந்தும். பால் பாக்கெட்டில் 'ஹோமோஜெனைஸ்டு' என்று போட்டிருக்கிறதே, அதுவும் இந்தக் கிரேக்க 'ஹோமோஸ்'தான்.