மலையில போட்டோ பிரிண்ட் கெட்டா பிரிண்டர் மேல பழி போடாதீங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு எங்க போய்க் கேட்டாலும் கடையில ஒரே பதில்தான்: "பிரிண்டர் போயிடுச்சு சார், புதுசு வாங்கிக்கங்க." படம் மங்கலா வந்தா பிரிண்டர். கறுப்பு மை விரல்ல ஒட்டினா பிரிண்டர். காகிதம் அப்பளம் மாதிரி வளைஞ்சாலும் பிரிண்டர். நல்லா ஓடுற மெஷினைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறாங்க. அதுலயும் அதே மங்கல், அதே வளைசல். வயிறு எரியுதுங்க. படத்தைக் கெடுக்கிறது இங்க பெரும்பாலும் ஓதமும், பேர் தெரியாத காகிதமும்தான். இந்த உண்மையைக் கடைக்காரங்க சொல்றதே இல்ல.

முதல்ல காகிதம். "போட்டோ பேப்பர், ஹை க்ளாஸி, 180 ஜிஎஸ்எம்"னு (ஒரு சதுர மீட்டர் காகிதத்தோட எடை, கிராம்ல) பாக்கெட்ல இருக்கும். அது என்ன வகைன்னு ஒரு வரி இருக்காது. மலிவா வர்ற பாக்கெட்டுல பெரும்பாலும் இருக்கிறது சாதாக் காகிதத்து மேல ஒரு பக்கம் பளபளப்புப் பூச்சு பூசினது. இன்னொண்ணு ஆர்.சி. (ரெசின் கோட்டட்) பேப்பர், அதாவது காகிதத்தோட ரெண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் வெச்சு, அதுக்கு மேல மை உறிஞ்சுற பூச்சு போட்டது. கண்டுபிடிக்கிறது சுலபம். பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. ஊறிப்போனா வெறும் காகிதம், உருண்டு நின்னா ஆர்.சி. கீழே சமவெளியில முதல் வகையை வெச்சு ஓரளவு ஒப்பேத்தலாம். ஜூன்லேர்ந்து கூடலூர்லயும் ஊட்டிலயும், அக்டோபர், நவம்பர்ல குன்னூர், கோத்தகிரியிலயும் அடிக்கிற ஈரத்துல அது பின்பக்கமா தண்ணியை உறிஞ்சி அலை அலையா நெளியும். நெளிஞ்ச இடம் மை தெளிக்கிற ஹெட்ல உரசி ஓரத்துல மைக்கோடு விழும். டை மையா, அதாவது கரைஞ்ச சாய மையா இருந்தா, காய்ஞ்ச பிறகும் ஈரத்துல நிறம் மெல்லக் கசிஞ்சு முகத்தோட விளிம்பெல்லாம் கலங்கும்.

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ங்கிற அரசு கம்பெனியை 1960ல தொடங்கின ஊருங்க ஊட்டி! பிலிமும் போட்டோ பேப்பரும் செஞ்ச தொழிலாளிங்க குடும்பம் இன்னும் இந்து நகர் பக்கம் இருக்கு. அந்த ஊர் கடையில நின்னு "இது ஆர்.சி.யா?"ன்னு கேட்டா முழிக்கிறாங்க. இதை எப்படிப் பொறுத்துக்கிறது?

அடுத்தது செட்டிங். நாலு கலர் இங்க் டேங்க் பிரிண்டர் பலதுல கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது கரையாத நுண்ணிய நிறத்தூள் கலந்த மை, மத்த மூணும் டை. கம்ப்யூட்டர்ல பிரிண்ட் கொடுக்கும்போது வர்ற டிரைவர் செட்டிங்ல "பிளெயின் பேப்பர்"னே விட்டுட்டு க்ளாஸி காகிதத்தை வெச்சா, அந்தக் கறுப்பு பூச்சுக்குள்ள இறங்காம மேலேயே உக்காந்துக்கும். தொட்டா கையோட வரும். "போட்டோ பேப்பர் க்ளாஸி"ன்னு மாத்தினா அந்த மாடல்கள் மூணு கலரைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும், ஒட்டாது. தரத்தை "ஹை"ல வைங்க. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லாம "ஹெட் கிளீனிங் போடுங்க, டீப் கிளீனிங் போடுங்க"ன்னு சொல்லி மையைக் கொட்ட வைக்கிறாங்க. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் போற மை அடியில இருக்கிற, மை உறிஞ்சுற பேட்ல சேருது. அது நிறைஞ்சா மெஷின் நின்னுடும். அப்புறம் "பாத்தீங்களா, போயிடுச்சு"ன்னு அவங்களே சொல்வாங்க. முதல்ல நாசில் செக், அதாவது ஹெட்ல மை வர்ற துளை எல்லாம் திறந்திருக்கான்னு காட்டுற சோதனைப் பிரிண்ட், எடுத்துப் பாருங்க. கோடு விட்டிருந்தா மட்டும் ரெண்டு தடவை கிளீனிங். அப்பவும் சேரலன்னா ஒரு ராத்திரி சும்மா விட்டுட்டு மறுநாள் பாருங்க.

ஊட்டியில இன்னொரு தொல்லை குளிர். பொதுவா இந்த மெஷினுக்கு 10லேர்ந்து 35 டிகிரி வரைக்கும்தான் கணக்கு. ஜனவரி உறைபனிக் காலையில வீட்டுக்குள்ளயே அதுக்குக் கீழே போயிடும். மை கெட்டியாகி நாசில்ல சரியா வராது. வெயில் ஏறினப்புறம் பிரிண்ட் எடுங்க. ரூமைச் சூடாக்கணும்னா எலக்ட்ரிக் ஹீட்டர் போடுங்க, மெஷினை விட்டுத் தள்ளி. கேஸ் ஹீட்டர் எரியும்போது தண்ணி ஆவியும் சேர்ந்து வரும், ஓதம் கூடும். மழைக்காலத்துல கரண்ட் போச்சுன்னா ஹெட் மூடி போடாமலே பாதியில நின்னு காய்ஞ்சுடும். சின்ன யூ.பி.எஸ். ஒண்ணு இருந்தா, பிரிண்டரோட பட்டனை அழுத்தி அணைக்க நேரம் கிடைக்கும். சுவத்துச் சுவிட்சை நேரா அணைக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க.

காகிதத்தை ட்ரேயில விட்டுட்டுப் போகவே கூடாது. வேணுங்கிறதை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை அதே கவர்ல, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட, ஜிப் பைக்குள்ள படுக்க வைங்க. குளிர்ந்த ரூம்லேர்ந்து சூடான ரூமுக்குக் கொண்டு வந்தா பிரிக்காம ரெண்டு மணி நேரம் விடுங்க. உடனே பிரிச்சா மேலே ஈரம் படியும்.

படம் வெளிய வந்ததும் ஃபிரேம் போட ஓடுறதுதான் பெரிய கொடுமை. ஆர்.சி. காகிதத்துல மை காய மேல்பக்கம் ஒண்ணுதான் வழி. கால் மணி நேரம் திறந்து வைங்க. அப்புறம் மேலே சாதா வெள்ளைக் காகிதம் வெச்சு ஒரு நாள் விடுங்க. அந்தக் காகிதம் நெளிஞ்சா உள்ள ஈரம் இன்னும் வெளியேறுதுன்னு அர்த்தம், காகிதத்தை மாத்தி இன்னொரு நாள். மழை மாசத்துல இதுக்குக் கூடவே ஆகும். அவசரப்பட்டா கண்ணாடி உள்பக்கம் புகை பிடிச்ச மாதிரி மங்கும், இல்ல படம் கண்ணாடியோட ஒட்டிக்கும், உரிச்சா முகமே போயிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு, அதாவது ரெண்டும் தொடாம இடைவெளி விடுற அட்டைச் சட்டம், வைக்கச் சொல்லுங்க. வைக்காத ஃபிரேம் கடைக்காரங்க கிட்ட சண்டையே போடுங்க, தப்பில்ல.

படத்து மேலயும் கண் வேணும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பின படம் நீளத்துல 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிடும். 4×6 இஞ்சுக்கு ஒப்பேறும். ஏ4ல இஞ்சுக்கு 140 பிக்சல்கூட வராது. 300 வேணும்னா 2480×3508 இருக்கணும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. பனிமூட்டப் படத்தை நாலு கலர் மெஷின்ல எடுத்தா சாம்பல் பரப்புல புள்ளி தெரியும். அதுக்கு ஆறு கலர் மெஷின்தான் வேணும், செட்டிங்ல சரி பண்ண முடியாது.

கடைக்காரங்களே, பாக்கெட்டைப் பிரிச்சு ஒரு தாள்ல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுக் காட்டி வித்தா என்ன குறைஞ்சு போகும்? அதைச் செய்யாம இன்னொரு பிரிண்டரைத் தலையில கட்டாதீங்க.