மொதல்ல வீடு குடுங்க, மத்தத அப்புறம் பேசலாம்

தெருவுல படுத்திருக்கவங்கள பத்தி பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "மொதல்ல குடிய விடட்டும், ஒரு வேலைக்கு போகட்டும், அப்புறம் வீடு குடுக்கலாம்"னு சொல்லிடுறாங்க. எனக்கு அத கேட்டா கோவம்தான் வருது. வேலைக்கு போகணும்னா குளிக்கணும், துவைச்ச துணி வேணும், ராத்திரி தூங்கியிருக்கணும். தெருவுல யாருங்க நிம்மதியா தூங்க முடியும்? அதுவும் பொம்பளைங்க, பயத்துல விடிய விடிய முழிச்சிருந்துட்டு பகல்ல எங்கயாவது உக்காந்தபடியே கண்ணசர்றாங்க. மாத்திரை வாங்கி வச்சா பையோட திருடு போயிடும், அதோட அடையாள அட்டையும் போயிடும், புது அட்டை கேட்டா விலாசம் எங்கன்னு கேப்பாங்க, விலாசம் இல்லாம பேங்க் கணக்கு கஷ்டம், கணக்கு இல்லாம உதவித்தொகை வராது, வேலையே கெடச்சாலும் சம்பளம் போட வழியில்ல. இவ்ளோ சிக்கலையும் தன்னந்தனியா தீத்துட்டு வான்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

1992ல நியூயார்க்ல சாம் செம்பேரிஸ்ங்கிற உளவியலாளர் இந்த வரிசையவே திருப்பி போட்டார். மனநோயோட தெருவுல கெடந்தவங்களுக்கு நேரா வாடகை வீடு. குடிய நிறுத்துன்னோ சிகிச்சைக்கு வந்தாத்தான்னோ நிபந்தனை போடல, வாடகைக்கு வருமானத்துல ஒரு பங்கு குடுக்கணும், வீட்டுக்கு வர்ற ஊழியர பாக்கணும், அவ்ளோதான். 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்'னு இன்னைக்கு உலகம் பூரா சொல்றது இததான். இது சும்மா நல்ல மனசு மட்டும்னு யாரும் தள்ளிட முடியாது, 2009ல இருந்து 2013 வரைக்கும் கனடால அஞ்சு ஊர்ல 2,000 பேருக்கு மேல வச்சு சோதிச்சு பாத்தாங்க. கடைசி ஆறு மாசத்துல முழுசா வீட்ல இருந்தவங்க, இந்த முறையில 62%, வழக்கமான உதவி மட்டும் கெடச்சவங்கள்ல 31%.

ஃபின்லாந்து 2008ல இத நாட்டோட கொள்கையாவே எடுத்துக்கிச்சு. ஹெல்சிங்கில வரிசையா கட்டில் போட்ட விடுதிங்கள தனித்தனி வீடா மாத்துனாங்க, அவங்கவங்க பேர்லயே வாடகை ஒப்பந்தம், சாவி அவங்க கையில. 1980கள்ல 18,000 பேருக்கு மேல வீடில்லாம இருந்த நாட்டுல 2023ல 3,500க்கும் கீழ வந்துடுச்சு. ஆனா 2024ல அந்த எண்ணிக்கை மறுபடி ஏறிச்சு. அதே வருஷம்தான் அங்க அரசாங்கம் வாடகை உதவித்தொகைய வெட்டுச்சு, அத மறந்துட்டு பேசக்கூடாது.

சாவிய கையில குடுத்துட்டா கடமை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறவங்களோடயும் எனக்கு உடன்பாடில்ல. பல வருஷம் வெளிய கெடந்தவருக்கு நாலு சுவருக்குள்ள மொத சில மாசம் ரொம்ப கஷ்டம். தனிமை மெரட்டும், கட்டில் இருந்தும் தரையில படுப்பாங்க, பழைய கூட்டாளிங்க வந்து தங்கிட்டு கெளம்பவே மாட்டாங்க, பக்கத்து வீட்ல புகார் வரும், கரண்ட் பில்ல எங்க கட்றதுன்னு தெரியாம சேந்துடும். அந்த நேரத்துல கதவ தட்டி "சாப்டீங்களா, வாங்க ஆஸ்பத்திரிக்கு சேந்தே போலாம்"னு சொல்ல ஒரே ஆள் தொடர்ந்து வரணும். மாசத்துக்கு ஒரு புது ஊழியர அனுப்பி, ஒவ்வொரு தடவையும் அவரோட கதைய ஆரம்பத்துலேர்ந்து சொல்ல வச்சா அவர் வாயே தெறக்க மாட்டார். அந்த ஊழியருக்கும் ஒழுங்கா சம்பளம் குடுங்க, ஒரு ஆள் தலையில நூறு பேர கட்டாதீங்க.

குடுக்கறதுக்கு வீடு இருக்கணும்ல, அது இன்னொரு பிரச்சன. ஆஸ்திரியாவோட தலைநகர் வியன்னால 1920கள்லயே நகராட்சி பெரிய அளவுல வீடு கட்ட ஆரம்பிச்சிடுச்சு, இன்னைக்கு ஊர்ல கிட்டத்தட்ட பாதி பேர் நகராட்சி வீட்லயோ மானியத்துல கட்டின வீட்லயோதான் இருக்காங்க, டீச்சரும் நர்ஸும் கூட. அதனால அங்க அது 'ஏழைங்க வீடு'ன்னு ஒதுங்கிப் போகல. ஊருக்கு வெளிய, பஸ்ஸும் வேலையும் இல்லாத எடத்துல கட்டிட்டு "குடுத்தும் வரமாட்டேங்கிறாங்க"ன்னு சொல்றவங்க இத போய் பாக்கணும்.

ஜெயில்லேர்ந்து வெளிய வர்றவர், மனநல ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் ஆகுறவர், 18 வயசு முடிஞ்சு காப்பகத்த விட்டு கெளம்புற பிள்ளைங்க, இவங்க எந்த தேதியில வெளிய வருவாங்கன்னு அந்தந்த எடத்துக்கு முன்கூட்டியே தெரியும். அந்த தேதிக்கு முன்னாடியே ஒரு ரூமும் கூட ஒரு ஆளும் ஏற்பாடு பண்ணாம யாரையும் கேட்டுக்கு வெளிய அனுப்பக்கூடாதுன்னு சட்டமே போடுங்க, மொதல்ல அங்கேர்ந்து ஆரம்பிங்க.