பிள்ளையின் உடம்பு கரும்பலகை இல்லை

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக மட்டக்களப்பில் யார் போனைத் திறந்தாலும் அதுதான். எந்த ஆங்கில வகுப்பு, யார் நடத்துகிறார் என்று இங்கே எழுத மாட்டேன். கேட்டு இன்பொக்ஸுக்கும் வராதீர்கள். எட்டு வயதுப் பிள்ளையை முன்னுக்கு நிறுத்தி, மற்றப் பிள்ளைகளைக் கொண்டு "ஷீ இஸ் பிளக், ஷீ இஸ் ஃபேட்" என்று ஒரே குரலில் கத்த வைத்தது பற்றித்தான் என் பேச்சு. அதற்குக் கீழே "இந்த வயதிலேயே என்ன சரளம்" என்று பாராட்டு வேறு.

நான் நாலு தரம் பார்த்தேன். மூன்றாம் தரம்தான் அவளுடைய கையைக் கவனித்தேன். சட்டைக் கையை இழுத்து இழுத்து முழங்கையை மறைக்கப் பார்க்கிறாள். அது அரைக்கைச் சட்டை. எவ்வளவு இழுத்தாலும் வராது.

16 வருடமாகப் படுவான்கரைக் கிராமங்களிலும் டவுனிலும் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆட்களின் தோற்றத்தைச் சொல்லும் பாடத்தை எத்தனை தரம் எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் முதலில் ஆங்கிலத்தையே பேசுவோம். அந்த வீடியோவில் ஒரு பையன் "ஷீ இஸ் கேர்லி ஹெயார்" என்றான். யாரும் திருத்தவில்லை. பாடமே அங்கேதானே இருக்கிறது! உயரத்துக்கு "இஸ்", முடிக்கும் கண்ணுக்கும் "ஹேஸ்". தமிழில் "அவளுக்குச் சுருட்டை முடி" என்று வினைச்சொல்லே இல்லாமல் சொல்லி முடித்துவிடுகிறோம். "ஹேஸ்" என்பதற்கு நேரான ஒரு சொல் நம் பிள்ளையின் வாயில் இல்லை. அதனால்தான் "இஸ்" வந்து விழுகிறது. அப்புறம் வரிசை. நீளம் முன்னுக்கு, நிறம் பின்னுக்கு: "லோங் பிளக் ஹெயார்". இவ்வளவும் நாவில் படிய ஒரு கிழமை காணாது. "ஃபேட்" என்று ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்வது ஆங்கிலத்திலும் மரியாதைக் குறைவு. அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதுதான் மொழிப் பாடம்.

இதற்கு ஒரு பிள்ளையின் உடம்பு எதற்கு? நான் பலகையில் ஒரு பேயை வரைவேன். மூன்று கண், பச்சை முடி, நீட்டு மூக்கு. "இட் ஹேஸ் த்ரீ ஐஸ்" என்று வகுப்பே எழும்பி நின்று கத்தும். யாருக்கும் நோகாது. அடுத்த நாள் அம்மம்மாவின் படத்தைக் கொண்டுவரச் சொல்வேன்: நரைமுடி, கண்ணாடி, மூக்குத்தி. அப்புறம் ஒரு விளையாட்டு. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாச் சனத்துக்குள் தம்பி தொலைந்துவிட்டான், பொலிஸ் மாமாவிடம் அடையாளம் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை, கட்டை முடி, சிவப்புச் சேர்ட், நீலக் களிசான். ஆடி அமாவாசைக்கு அங்கே ஒலிபெருக்கியில் தொலைந்த பிள்ளைகளைப் பற்றி அறிவிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை.

"பாடத்திட்டத்தில் இருக்கிறது, என்ன செய்வது" என்கிறார்கள். பாடம் இருக்கிறது, சரி. எந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தச் சொல்லி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? "நாங்களும் இப்படித்தான் படித்தோம், என்ன குறைந்துவிட்டது" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"கறுப்பு என்ன கேவலமா? நீங்கள்தானே கேவலமாக நினைக்கிறீர்கள்" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. அந்தக் கேள்வி இரவு முழுக்க என்னைக் குடைந்தது. இல்லை தங்கச்சி, நிறத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு வகுப்பு ஏன் சிரித்தது? பக்கத்துப் பிள்ளையின் முடியை "பிளக்" என்றபோது யாரும் சிரிக்கவில்லையே. எட்டு வயதில் எந்தக் கறுப்புக்குச் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

1997இல் எனக்கு 11 வயது. "ஃபெயார்" என்ற சொல்லுக்கு ஒருத்தியையும் "டார்க்" என்ற சொல்லுக்கு என்னையும் எழுப்பி நிறுத்தினார்கள். அடுத்த நாள் அம்மாவின் பவுடர் டின்னைக் கவிழ்த்து முகத்திலும் கழுத்திலும் அப்பிக்கொண்டு போனேன். கல்லடிப் பாலம் தாண்ட முன்னமே வியர்த்து, கழுத்தில் கோடு கோடாக இறங்கிவிட்டது. பாலத்துக் கம்பியோடு ஒதுங்கி நின்று லேஞ்சியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வெள்ளைச் சட்டைக் கழுத்தெல்லாம் பிசுபிசுத்தது. அந்த ஒரு சொல்லைத் தவிர அந்த வருடம் படித்த ஆங்கிலம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

வகுப்பறையை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பிள்ளை பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று காதை மடித்துப் பார்க்கிற ஆட்கள் நாங்கள், நிறம் வருமா என்று. என் மகளின் காதையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் திரும்ப என் கையில் தந்தார்கள். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நேற்று என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "அம்மா, என்னையும் இப்படிக் கூப்பிடுவார்களா?" என்று கேட்டாள்.

பிள்ளையின் உடம்பு கரும்பலகை இல்லை. இன்னும் எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுதுவேன்.

வீடியோவை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அழியுங்கள். திட்டுவதற்காகப் பகிர்கிறவர்களும்தான். எந்த எண்ணத்தோடு பகிர்ந்தாலும் ஊரெல்லாம் போவது அவளுடைய முகம். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.