பூட்டு இங்கிலீஷுக்கு மட்டும்தானா?

போன சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் அவளுக்குப் பாட்டு வந்துவிடும். ரெட்டிச்சாவடி தாண்டும்வரை ஸ்கூல் ரைம்ஸ்தான் ஓடியது. கிருமாம்பாக்கம் வந்ததும் திடீரென்று ஒரு சினிமாப் பாட்டை எடுத்தாள். இரண்டாவது வரியிலேயே எனக்கு உடம்பு கூசிப்போனது. பின் சீட்டில் இருந்த இரண்டு காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். தன் பாட்டு அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் பக்கம் திரும்பி, கையை ஆட்டி ஆட்டி இன்னும் சத்தமாகப் பாடினாள். அவளுக்கு ஏழு வயது. அந்த வரியில் வரும் பழத்தை அவள் பழம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் வாயைப் பொத்தினேன். "ஏம்மா, தப்பாப் பாடுறேனா?" என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? தவளக்குப்பம்வரை வெளியே பார்த்துக்கொண்டே அழுகையை அடக்கினேன்.

இந்தப் பாட்டு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. மாதாமாதம் காசு கட்டி வைத்திருக்கிறோமே, அந்தப் பாட்டு ஆப்பிலிருந்துதான். ஆப்பை ஏற்றிய முதல் நாளே செட்டிங்ஸுக்குள் போய், குழந்தைகளுக்கு ஆகாத பாட்டைத் தடுக்கும் பட்டனை அழுத்தி வைத்தவள் நான். அழுத்திவிட்டோம், இனி கவலையில்லை என்று நம்பி போனை அவள் கையில் கொடுத்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். கெட்ட வார்த்தை உள்ள இங்கிலீஷ் பாட்டுகளைத் தேடினால் மங்கலாகத் தெரிகின்றன, அழுத்தினால் ஓடவில்லை. சரி, பூட்டு வேலை செய்கிறது. அப்புறம் பாப்பா பாடிய பாட்டைத் தேடினேன். ஓடியது. அதைவிட மோசமான இன்னொன்றைத் தேடினேன், அதுவும் ஓடியது. எனக்குத் தெரிந்த பச்சையான குத்துப்பாட்டு பத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பத்தும் ஓடின. ஒன்றின் பெயருக்குப் பக்கத்தில்கூட, பாட்டு ஆபாசம் ('எக்ஸ்ப்ளிசிட்') என்று காட்டும் 'E' என்ற இங்கிலீஷ் எச்சரிக்கை எழுத்து இல்லை.

ஏன் இல்லை என்று தேடிப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. அந்த எழுத்தை ஆப் கம்பெனி பாட்டைக் கேட்டுப் பார்த்துப் போடுவதில்லை. பாட்டை வெளியிடுகிற கம்பெனிதான் பாடலின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் எழுதிக் கொடுக்கும்போது, 'இது குழந்தைகளுக்கு ஆகாது' என்றும் குறித்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் குறிக்காவிட்டால் ஆப்பைப் பொறுத்தவரை அது சுத்தமான பாட்டு. நான் அழுத்திய பட்டன் அந்தக் குறிப்பை மட்டும்தான் பார்க்கிறது. தமிழில் யார் குறித்துக் கொடுக்கிறார்கள்?

இந்த மாதிரி எச்சரிக்கை வந்த கதையையும் படித்தேன். அமெரிக்காவில் டிப்பர் கோர் என்ற ஒரு அம்மா, தன் மகளுக்கு வாங்கிய இசைத்தட்டில் வந்த வரியைக் கேட்டு அதிர்ந்துபோய்ச் சண்டையைத் தொடங்கியிருக்கிறார். அப்போது செனட்டராக இருந்த, பின்னாளில் துணை ஜனாதிபதியான ஆல் கோரின் மனைவி அவர். 1985 செப்டம்பரில் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் விசாரணையே நடந்தது. அந்த வருஷமே அட்டையில் எச்சரிக்கை போட இசைக் கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. அதுவும் சட்டம் போட்டு இல்லை, தாங்களாக. அந்த ஊர் அம்மாக்கள் போட்ட சண்டையில் வந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கிவந்து இங்கே ஒரு பட்டனாக மாட்டிவிட்டார்கள். நம் ஊர் அம்மாவுக்கு வந்த பயம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இங்கிலீஷில் கெட்ட வார்த்தை என்றால் நாலைந்து வார்த்தை, கேட்டால் தெரிந்துவிடும். தமிழில் அப்படியா? மாங்காய், பூசணிக்காய், பம்புசெட்டு, சைக்கிள் என்று எல்லாமே நல்ல வார்த்தை. சேர்த்துவைத்துப் பாடும்போதுதான் அசிங்கம். கெட்ட வார்த்தையை மட்டும் தேடுகிற மெஷினிடம் கொடுத்தால் இது விவசாயப் பாட்டு என்றுதான் சொல்லும். தமிழ் தெரிந்த ஒரு மனுஷர் உட்கார்ந்து கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். தமிழ்ப் பாட்டைப் போட்டுத் தமிழரிடம் காசு வாங்குகிற கம்பெனி, அப்படி ஒரு ஆளை வேலைக்கு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மற்ற எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு வரம்பு இருக்கிறது. படம் தியேட்டருக்கு வந்தால் தணிக்கை வாரியம் பார்க்கிறது, பாட்டில் வேண்டாத சொல் இருந்தால் சத்தத்தை எடுக்கச் சொல்கிறது. ஆனால் அதே பாட்டு படத்துக்கு முன்பே ஆப்பில் முழுசாக வந்து, பிள்ளைகளுக்கு மனப்பாடமும் ஆகிவிடுகிறது. தனியார் எஃப்.எம். என்றாலும் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி படத்துக்கும் தொடருக்கும் வயது போட வேண்டும், 13+ முதல் பெற்றோர் பூட்டு வைத்தே ஆக வேண்டும். ஆப்பில் வரும் பாட்டுக்கு மட்டும் வயது முத்திரை எதுவும் கிடையாது. காதில் விழுவது மனதில் தங்காது என்று யார் சொன்னது?

பாட்டோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். இரண்டு மாதம் முன்பு நடந்ததைக் கேளுங்கள். நான் கடையிலிருந்து வீட்டுக்கு வரவே எட்டு மணி ஆகும். அத்தைக்கு முடியாததால் பாப்பாவுக்குக் கதை சொல்ல ஆள் இல்லை. தெனாலிராமன் கதையைப் போனில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். கதை முடிந்ததும் ஆப் தானாக அடுத்த 'கதை'க்குப் போயிருக்கிறது. திரும்பி வந்தால் ஒரு ஆண் குரல் மெதுவாக, தாலாட்டு மாதிரி, ஒரு கொலையை விவரித்துக்கொண்டிருந்தது. பாப்பா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு கண் கொட்டாமல் படுத்திருந்தாள். "அம்மா, அந்த அக்காவை ஏன் மூட்டைல கட்டுனாங்க?" என்று கேட்டாள். மூன்று நாள் பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை.

தெனாலிராமனும் கதை, கொலையும் கதை. இரண்டும் தமிழ். ஆப்புக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. தானாக ஓடுவதை நிறுத்தும் பட்டன் நான்கு பக்கம் உள்ளே ஒளிந்திருந்தது. கண்டுபிடித்து நிறுத்தினேன். அதற்கும் சரி, பாட்டுத் தடுக்கும் பட்டனுக்கும் சரி, என் ஆப்பில் ரகசிய எண் கிடையாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு பட்டனை மாற்றத் தெரியாதா? பிள்ளையின் கணக்கை நாம் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் இன்னும் கூடக் காசு கட்டிக் குடும்பத் திட்டத்துக்கு மாற வேண்டுமாம். குழந்தையின் பாதுகாப்பைத் தனி விலை போட்டு விற்பார்களா?

"பெத்தவங்கதான் பாத்துக்கணும்" என்று இதைப் படித்துவிட்டு யாராவது சொல்வார்கள். வீடியோ என்றால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாலே என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். காதில் இயர்போன் மாட்டிய பிள்ளை என்ன கேட்கிறது என்று எட்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? முகம் அமைதியாகத்தான் இருக்கும். கூடவே உட்கார்ந்து முழுசாகக் கேட்டால்தான் உண்டு. என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிப்ட், நான் கடையில் பத்து மணி நேரம். பார்த்துக்கொள்ள முடியாததால்தானே அந்தப் பட்டனை நம்பினேன்.

கம்பெனிக்குத் தமிழில் எழுதினேன். நாலு நாள் கழித்து இங்கிலீஷில் பதில் வந்தது. தடுக்கும் பட்டனை எப்படி அழுத்துவது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அழுத்தியாயிற்று, அதற்குப் பிறகும் ஓடுகிறது என்றுதானே எழுதியிருந்தேன்! பத்துப் பாட்டின் பெயரையும் எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறேன். வரிகளுக்கு அர்த்தம் எழுதிக் கேட்டால் அதையும் கூசாமல் எழுதி அனுப்புவேன்.

நேற்று ராத்திரி போனை அலமாரியில் வைத்துவிட்டுத் தெனாலிராமன் கதையை நானே சொன்னேன். பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது முடிஞ்சதும் வேற கதை தானா வராதுல்லம்மா?" என்று கேட்டாள்.