கடுகு டப்பாவில் இருந்த அட்டை

அம்மா கருத்தடைக் குளிசை அட்டையைக் கடுகு டப்பாவுக்குள்தான் ஒளித்து வைத்திருந்தார். (எங்கள் பக்கம் அட்டை என்றதும் காலைக் குனிந்து பார்ப்பார்கள். இது வேறு அட்டை.) இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஒற்றைக் காம்பராவில் வேறு மறைவிடம் ஏது? 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பு வெறும் இரும்புச்சத்து. அப்பாயி ஒருநாள் பார்த்துவிட்டபோது "ரத்தத்துக்குக் குடுத்தாங்க அத்தை" என்றாராம் அம்மா. கால்வாசி உண்மைதான்.

இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு தோட்டத்தில் அம்மாவுக்குச் சொல்லப்பட்டது கருத்தடை ஆபரேஷன் மட்டும். எண்பதுகளில் அதற்கு அரசாங்கம் காசும் கொடுத்தது. குளிசை கேட்டதற்கு டிஸ்பென்சரியில் வந்த பதில்: "ஒங்களுக்கெல்லாம் தினம் போட ஞாபகம் இருக்காது." எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை நாள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), தராசில் எவ்வளவு வெட்டினார்கள் என்று சம்பள நாள்வரை மனசிலேயே கணக்கு வைத்திருப்பவரிடம் சொன்ன பேச்சு இது!

1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பின்கஸும் ஜான் ராக்கும் இந்தக் குளிசையைப் பெரிய அளவில் சோதிக்கப் போனது கரும்பும் கோப்பியும் விளையும் கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவுக்கு. ஏழைப் பெண்களால் தினமும் ஒழுங்காகப் போட முடியுமா என்பது அங்கேயும் ஒரு கேள்வி. போட்டார்கள். தலைசுற்றல், வாந்தி, தலைவலி என்று நூற்றுக்கு 17 பேர் சொன்னதைச் சோதனையை நடத்திய டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதியும் வைத்தார். அதெல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிட்டார்கள். அன்றைய குளிசையில் மருந்து இன்றையதைவிடப் பல மடங்கு. 1960இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 1965 அளவில் அந்தத் தீவுத் தாய்மாரில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கருத்தடைச் சிகிச்சை முடிந்திருந்தது. அங்கும் அதற்குப் பெயர் 'ஆபரேஷன்'தான், ஸ்பானிய மொழியில்.

குடும்பக்கட்டுப்பாடே மலையகத் தமிழரைக் குறைக்க வந்த சதி என்று எழுதும் தம்பிமாருக்கு: 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த சனம் சந்தேகப்படாமல் வேறென்ன செய்யும்? சரி. ஆனால் அந்தக் கோபத்தைக் குளிசைமேல் காட்டாதீர்கள். வேண்டாம் என்றால் எங்கள் அம்மா தானே நிறுத்திக்கொள்ளக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

நிறுத்தவும் செய்தார். என் தம்பி வயிற்றில் வந்தான். டிஸ்பென்சரியில் "பாத்தியா, மறந்துட்ட" என்று சிரித்தார்களாம். இன்றைக்குக் கேட்டாலும் அம்மாவுக்கு முகம் சிவக்கும்.

"மறக்கல. நிறுத்துனேன்."